ஒன்றுக்கு அடுத்தது பத்து

எனக்குக் கருவிகளைப் பற்றி நன்றாகத் தெரியும் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். ராஜாக்கமங்கலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் கடற்கரை ஊர். பெரும்பாலும் எல்லாரும் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். நான் மட்டும் பள்ளிக்கூட ஆபீசில் எழுத்தர். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் மேல் போட்டிருக்கும் துணியை எடுக்கவும் மூடவும் அதிகாரம் பெற்ற ஒரே ஆள் நான். அது போதாதா? யார் வீட்டு டிவியில் படம் வராவிட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய்ப் பின்பக்கத்து வயர்களை எல்லாம் ஒருமுறை கழற்றித் திரும்ப மாட்டுவேன். பாதி டிவிகள் அதிலேயே சரியாகிவிடும். மீதிப் பாதிக்கு, "சிக்னல் பிரச்சினை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

இந்தத் தகுதிகளோடு நான் எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவிலில் பாடகர் குழுத் தலைவனாகவும் இருந்தேன். எட்டுப் பெண்பிள்ளைகள் பாடுவார்கள், நான் கையை ஆட்டுவேன், என் நண்பன் கீபோர்டு வாசிப்பான். அவனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. எட்டாம் வகுப்போடு அவன் கடலுக்குப் போய்விட்டான். வாசிக்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோவிலில் கிடந்த பழைய ஆர்மோனியத்தைத் தட்டித் தட்டியே படித்துக்கொண்டான். ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் போதும், மறுமுறை அதை நமக்கு வாசித்துக் காட்டுவான். அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. நான் மூன்று வருடம் காசு கொடுத்துப் படித்தவன், இன்னும் இரண்டு கையும் ஒன்றாகப் போகாது.

அவனிடம் ஒரே ஒரு குறை. நேரத்துக்கு வரமாட்டான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை என்பதால் அன்று பிரச்சினையில்லை. கல்யாணமும் நவநாள் பூசையும் கொடியேற்றமும் வாரநாளில் வரும். அன்றைக்கு வள்ளம் கரை ஏறி, மீனை ஏலம் போட்டு, வலையைத் தட்டி மடித்து வைத்துவிட்டுத்தான் வருவான். வருகைப் பாடலை நாங்கள் வாத்தியம் இல்லாமல் பாடி முடித்து, ஃபாதர் பாவமன்னிப்பு வழிபாட்டில் இருக்கும்போது, ஈரத் தலையோடு பக்கவாசல் வழியாக வந்து உட்காருவான். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்காது.

அவன் மனைவிக்கு வேறு குறை. மகளுடைய ஞானஸ்நானம், முதல் நன்மை, வீட்டு அர்ச்சிப்பு, எதை எடுத்தாலும் அவன் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். அவர்களுக்கு ஒரே மகள். "ஊர்ல உள்ள எல்லாருக்க ஆல்பத்துலயும் இவரு ஒரு மூலையில இருப்பாரு. எங்க ஆல்பத்துல மட்டும் ஆளில்ல" என்று என் மனைவியிடம் அடிக்கடி சொல்லுவாள். அதை நான் அப்போது ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்து எட்டிலோ ஒன்பதிலோ மஸ்கட்டில் இருந்து விடுமுறைக்கு வந்த என் மச்சான், எனக்கு ஒரு எம்பி ஃபோர் பிளேயர் கொண்டுவந்தான். தீப்பெட்டி இரண்டை அடுக்கிய அளவு. கறுப்பாக மினுங்கும். பாட்டு பாடும், படம் காட்டும், எஃப்.எம். எடுக்கும், நாம் பேசினால் பதிவு செய்யும். எந்தக் கம்பெனி என்று பெட்டியிலும் இல்லை, பிளேயரிலும் இல்லை. அது ஒரு எச்சரிக்கை என்று கருவிகளைப் பற்றித் தெரிந்த எவனுக்கும் பட்டிருக்கும்.

எனக்குப் பட்டது வேறு. இது நேரத்துக்கு வரும் என்று பட்டது.

அடுத்த ஒரு மாதம் பாட்டுப் பயிற்சி நடக்கும் போதெல்லாம் அந்தப் பிளேயரைக் கோவில் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்து, நண்பன் வாசிப்பதைப் பதிவு செய்தேன். பிள்ளைகளைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, "நீ மட்டும் ஒருவாட்டி முழுசா வாசி, மெட்டு மறந்திரப்பிடாது" என்பேன். அவன் சந்தேகப்படவில்லை. கேட்டதற்கெல்லாம் வாசித்தான். வருகைப் பாடல் முதல் நன்றிப் பாடல் வரை பத்து, கல்யாணத்துக்கென்று உள்ள வருகைப் பாடல் ஒன்று, ஆக மொத்தம் பதினொரு பாட்டு. காணிக்கைப் பாடலைப் பதிவு செய்யும்போது வெளியே மீன் வியாபாரி சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். அதுவும் பதிவில் வந்துவிட்டது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவு கள்ளத்தனம் செய்தவன், அடுத்து வந்த புதன்கிழமை நவநாளில் வேலையைக் காட்டினேன். வழக்கம்போல அவன் வரவில்லை. நான் பிளேயரை ஆம்ப்ளிஃபையரில் சொருகி, பிள்ளைகளுக்குக் கையைக் காட்டினேன். சரியான நேரத்துக்கு, சரியான சுதியில், வருகைப் பாடல் முழங்கியது. ஃபாதர் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த பாட்டுக்குப் பட்டனை அழுத்தினேன். நன்றிப் பாடல் வந்தது.

காரணத்தை அப்புறம்தான் கண்டுபிடித்தேன். பாட்டுகளின் பெயரைத் தமிழில் எழுதினால் அந்தப் பெட்டி வெறும் கட்டங்களாகக் காட்டியது. அதனால் எல்லாவற்றுக்கும் எண் போட்டிருந்தேன். அந்தப் பெட்டிக்கு எண்ண வராது. ஒன்றுக்கு அடுத்தது பத்து, அதற்கடுத்தது பதினொன்று, அப்புறம்தான் இரண்டு என்பது அதன் கணக்கு. ஒன்றாம் வகுப்பில் எங்கள் பெஞ்சில் இப்படிச் சொல்லியிருந்தால் முழங்காலுக்குக் கீழே பிரம்பு விழுந்திருக்கும். நன்றிப் பாடலின் முதல் வரியைக் கேட்டதுமே, கடைசி வரிசையில் எப்போதும் செருப்பைக் கழற்றாமல் நிற்கும் ஆண்கள் நாலைந்து பேர், பூசை முடிந்துவிட்டது என்று பீடி குடிக்க வெளியே போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப உள்ளே கொண்டுவர ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

அன்றைக்குப் பக்கவாசல் பக்கம் நான் பார்த்தபோது நண்பன் அங்கே நின்றிருந்தான். தலையில் ஈரம் சொட்டியது. உள்ளே வரவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றான். காணிக்கைப் பாடல் போய்க்கொண்டிருந்தது. நடுவில் மீன்காரரின் ஹாரன் அடித்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேட்பது அவன் வாசிப்பு, அவன் ஸ்டூலில் அவன் இல்லை. என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டான். எனக்கு அந்த நிமிடம் நெஞ்சில் ஏதோ உறுத்தியது உண்மை. ஆனால் நேரத்துக்கு வந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லி அதை அமுக்கிவிட்டேன்.

அதற்கப்புறம் அவன் கீபோர்டுப் பக்கமே வரவில்லை. பூசைக்கு வருவான், ஆண்கள் பக்கம் நிற்பான், போவான். எதிரே வந்தால் இரண்டு பேருக்கும் கடலில் ஏதோ பார்க்க இருக்கும். நான் கீபோர்டை உறை போட்டு மூடி, அதன் மேல் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிவிட்டேன்.

பிளேயர் என்னைப் பழிவாங்க ஆரம்பித்தது. எண்களுக்கு முன்னால் பூஜ்யம் போட்டுப் பாட்டு வரிசையைச் சரி செய்தேன். உடனே அதற்கு வேறு வியாதி வந்தது. சொருகிய வயர் கொஞ்சம் அசைந்தாலும் தானாகவே எஃப்.எம்.முக்குப் போய்விடும். ஒரு மாலைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கிவிட்டு ஊரே முட்டுப்போட்டுக் கண்ணை மூடியிருந்த நேரம், மலையாளத்தில் ஒரு பெண்குரல் உரத்த சிரிப்போடு நகைக்கடைத் தள்ளுபடியை அறிவித்தது. ஃபாதர் கண்ணைத் திறக்காமலேயே, "யாரும்மா அது?" என்று கேட்டார். இன்னொரு தடவை ரீசெட் செய்யப் போய் மெனு முழுவதும் சீன எழுத்தாகிவிட்டது. திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்ற அந்த மெனுவில்தான் வழி இருந்தது, அந்த மெனுவை வாசிக்க எனக்குச் சீனம் தெரியாது. கீழே நாலு, வலப்பக்கம் இரண்டு, நடுப் பட்டன் ஒன்று என்று எண்ணி எண்ணி ஓட்டினேன். எண்ணிக்கை தப்பினால் அது எதையோ அழித்துவிடும். பூசையில் மற்றவர்கள் மன்றாடும்போது என் உதடும் அசையும். பக்திமான் என்று நினைத்திருப்பார்கள்.

பேட்டரியும் போய்விட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் கால் மணி நேரம் தாங்காது. "குட் பை" என்று ஆங்கிலத்தில் எழுதிக்காட்டிவிட்டு அணைந்துவிடும். செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்காமல் மரியாதையாக விடைபெறுகிறவர்களைக் கண்டாலே எனக்கு அப்போதிலிருந்து ஆத்திரம்.

"அவரக் கூப்பிட்டா என்ன, வாய் தேஞ்சா போயிரும்?" என்று என் மனைவி கேட்டாள். "இந்தச் சவத்தோட நீங்க மல்லுக்கட்டுறதப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு." எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மனிதன் தோற்றால் தோற்றதை ஒத்துக்கொள்ளலாம், கருவி தோற்றால் அதை வாங்கியவனால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை.

ஐந்தாறு மாதம் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் நண்பன் என் வீட்டுக்கு வந்தான். கையில் கல்யாணக் கார்டு. மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருப்பது கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தபோதே எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை என் பாடகர் குழுவில் ஏழு வருடம் பாடியவள், என்னை மாமா என்று கூப்பிடுகிறவள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினான்.

"பாட்டு நீயும் ஒனக்க பெட்டியுமா பாத்துக்கணும்."

"நீ வாசிக்கலியா?" என்றேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"எனக்க பெண்டாட்டி ஒரே வாக்கா சொல்லிப்போட்டா. அன்னைக்கு கீபோர்டுல கை வச்சா கைய ஒடிப்பாளாம்." சிரித்தான். பல மாதம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். "எனக்கும் ஆசதான் மக்கா. கோவில் வாசல்ல இருந்து பீடம் வர பிள்ளைக்க கையப் பிடிச்சு நான் கொண்டு விடணும். அந்த ஒரு நடைதான். அதுவர பாட்டு நிக்கப்பிடாது, கேட்டியா?"

"நிக்காது."

"என்னப் பதிஞ்சு வச்சு என்னையே வெளிய நிறுத்தினியே, அது போட்டும். அன்னைக்கு ஒரு நாளு அது எனக்கு ஒதவட்டும். நான் வாசிச்சு நானே நடந்து வாறது யாருக்குக் கெடைக்கும்?"

அவன் அதை விளையாட்டாகத்தான் சொன்னான். "ஒரு தெத்தும் வராது. என்ன நம்பு" என்றேன். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு, கீபோர்டை நானே ஒற்றைக் கையால் வாசிக்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட இந்தக் கதை இத்தோடு நல்லபடியாக முடிந்திருக்கும்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. பிளேயர் அது பாட்டுக்கு அதன் சீனத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. நான்கைந்து வாரமாக எந்தக் குழப்பமும் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நண்பனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, ஒரு சின்னக் குறையும் இருக்கக்கூடாது என்று நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, அந்தப் பெட்டிக்குப் புது சாஃப்ட்வேர் இருக்கிறதா என்று தேடினேன். பெட்டிக்குப் பெயர் இல்லாததால் அதே மாதிரி முகம் உள்ள இன்னொரு பெட்டியின் சாஃப்ட்வேரைக் கண்டுபிடித்தேன். கடை நடத்துகிறவருக்கு என் வயதுதான் இருக்கும். எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுதுல்லா சார், பெறகு எதுக்குத் தொடுதிய?" என்று கேட்டார். இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏற்றி முடித்ததும் பெட்டி உயிரோடு எழுந்தது. மெனு ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. பேட்டரி நிறைந்திருப்பதாகக் காட்டியது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை, கடைக்காரரிடம் திரும்பி ஒரு வெற்றிப் பார்வை பார்த்தேன். வீட்டுக்கு வந்து பதினொரு பாட்டிலும் முதல் வரியை மட்டும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ஒரு தப்பில்லை. பேட்டரி அப்போதும் முழுசாகவே காட்டியது. குறையவே குறையாத பேட்டரி எங்கேயாவது இருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லை. என்றாலும் நான் முன்ஜாக்கிரதைக்காரன். கல்யாணத்தன்று பாதுகாப்புக்குச் சார்ஜரையும் சொருகிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது மூன்று முறையும் சார்ஜர் சொருகவில்லை. அதுதான் நான் விட்ட ஓட்டை.

கல்யாணம் காலை பத்து மணிக்கு. கோவில் நிறைந்திருந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் எங்கள் குழு. பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை. நான் ஆம்ப்ளிஃபையரையும் பிளேயரின் சார்ஜரையும் சுவரில் இருந்த பலகையில் சொருகினேன். அதில் இரண்டு ஓட்டைதான் உண்டு. வாசலில் ஃபாதர், மாப்பிள்ளை, அவனுடைய வீட்டார். பின்னால் மணப்பெண், அவள் கையைப் பிடித்துக்கொண்டு என் நண்பன். புது வேட்டி, முழுக்கைச் சட்டை. தலை காய்ந்திருந்தது. அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. வெள்ளையாக மினுங்கும் சட்டையில் கொஞ்சம் பயந்துபோய் நின்றான். அவன் மனைவி முன் வரிசையில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபாதர் எனக்குத் தலையை ஆட்டினார். நான் பட்டனை அழுத்தினேன்.

பாட்டு நான் எழுதியது, மெட்டு அவன் போட்டது. "இல்லறம் தேடி வரும் இருவரையும் நீர் கரம் பிடித்து நடத்தும்" என்று வரும். பிள்ளைகள் அழகாக எடுத்தார்கள். ஊரும் சேர்ந்துகொண்டது. வரிசை நகர்ந்தது. "கரம் பிடித்து நடத்தும்" என்று முடித்ததும் இசை ஒரு துள்ளு துள்ளி, திரும்பவும் "கரம் பிடித்து நடத்தும்" என்ற இடத்துக்கே போனது.

இசை என்ன செய்கிறதோ அதைப் பின்பற்ற வேண்டும், நீங்களாக எதுவும் செய்யக்கூடாது என்று பிள்ளைகளை ஆறு மாதமாக அதட்டி வைத்திருந்தவன் நான். பின்பற்றினார்கள். "கரம் பிடித்து நடத்தும்." மறுபடி துள்ளியது. மறுபடி பாடினார்கள். எங்கள் ஊர்ச் சனத்துக்கு மன்றாட்டு மாலை சொல்லிச் சொல்லி, வந்த வரியே எத்தனை தடவை வந்தாலும் பதில் சொல்லிப் பழக்கம். ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். ஐந்தாவது முறை வந்தபோது ஆண்கள் பக்கமும் முழுத் தொண்டையில் சேர்ந்துகொண்டது. முன்வரிசைக் கிழவிகள் சிலர் கையைக் குவித்துக் கண்ணை மூடிவிட்டார்கள்.

சார்ஜர் சொருகியிருக்கும்போது அந்தப் புது சாஃப்ட்வேர், பட்டனை ஒருமுறை அழுத்தினால் பலமுறை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. பாஷை படிக்கிறவர்கள் ஒரே துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்காக அதில் ஒரு வசதி இருக்கிறது. அது கிளம்பிவிட்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அழுத்த அழுத்தத் துண்டு சின்னதாகிக்கொண்டே வந்தது. முதலில் "கரம் பிடித்து நடத்தும்." அப்புறம் "பிடித்து நடத்தும்." அப்புறம் "பிடித்து, பிடித்து, பிடித்து." அணைத்துவிட்டு, வாத்தியம் இல்லாமல் பாடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதைத்தானே பல வருடமாகச் செய்துகொண்டிருந்தோம். தோன்றவேயில்லை. கருவியைச் சரி செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது.

ஃபாதர் நின்றுவிட்டார். வரிசையும் நின்றுவிட்டது. மகளும் அப்பாவும் கோவிலின் நடுவில், பாதி வழியில் நின்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு மகள் காதில் ஏதோ சொன்னான். அவள் கையை விட்டான். நேராக என்னை நோக்கி நடந்து வந்தான்.

"எழும்பு. அந்தச் சவத்த எடு."

"நீ போடே. பிள்ளகிட்ட போ. இன்னா இப்ப சரியாயிரும்."

"நீ சரியாக்கினது போதும்." குனிந்து சுவரில் இருந்த சார்ஜரைப் பிடுங்கினான். முழு பேட்டரி காட்டிக்கொண்டிருந்த பெட்டி, ஒரு நொடி யோசித்துவிட்டு "குட் பை" என்றது. கோவில் சட்டென்று அமைதியானது. அவன் அந்த ஓட்டையில் கீபோர்டின் பிளக்கைச் சொருகினான். மேலே நான் அடுக்கியிருந்த பாட்டுப் புத்தகங்களை ஒரு கையால் தள்ளிவிட்டு உறையை உருவினான்.

"நான் வாசிக்கேன், நீ போ" என்று மட்டும் சொன்னேன். மூளை கலங்கியவன் பேச்சு.

"பிள்ள ஒத்தையில நிக்கா. கையப் பிடிச்சுக் கொண்டு வா. போ மக்கா."

அவனுடைய மைத்துனர்கள் இரண்டு பேரும் கல்ஃபில். பக்கத்தில் நான்தான் இருந்தேன். போனேன். நடுக்கோவிலில் அந்தப் பிள்ளை கண்ணில் நீரோடு சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். "வாங்க மாமா" என்று கையை நீட்டினாள். பின்னால் அவன் வாசிக்க ஆரம்பித்தான். அதே மெட்டு, அதே சுதி, ஹாரனும் இல்லை, துள்ளலும் இல்லை. எங்களுக்குப் பீடம் வரை இருபது அடி இருந்திருக்கும். அவ்வளவு நீளமாக நான் எங்கேயும் நடந்ததில்லை. முன்வரிசையில் அவன் மனைவி என்னைப் பார்க்கவில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பாட்டு முடிந்ததும் அவன் வந்துவிடுவான் என்று நினைத்தேன். பூசையில் ஒன்றன் பின் ஒன்றாகப் பாட்டு இருக்கிறது. தாலி கட்டும் அந்த நொடியில் இசை தொடங்க வேண்டும். என் பெட்டி செத்துக் கிடந்தது. அவன் கடைசி வரை எழும்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "போட்டும்டே" என்றான். "எதுக்கு அழுத? சிக்னல் பிரச்சினைன்னு சொல்லிட்டு டீயக் குடி." அந்தப் புதன்கிழமை நவநாளிலிருந்து கீபோர்டுக்குத் திரும்ப வந்துவிட்டான். வழக்கம்போலத் தாமதமாகத்தான். நான் கடிகாரம் கட்டுவதை விட்டுவிட்டேன்.

ஊர் இதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டது. அடுத்த கல்யாணத்துக்குப் பாட்டு ஏற்பாடு செய்ய வந்த பெண்வீட்டுக்காரர், "அன்னைக்குப் பாடினது மாதிரி அந்த வரிய ஒம்பது தடவ பாடணும், கேட்டியளா?" என்றார். அது பிளேயர் பழுதானதில் வந்தது என்று விளக்கினேன். நம்பவில்லை. ஒன்பதில்லை, பதினொன்று என்று பக்கத்தில் இருந்தவர் திருத்தினார். நண்பன் மகள் மஸ்கட்டில் நல்ல வீட்டில் நன்றாக இருக்கிறாள், அடுத்த வருடமே இரட்டைப் பிள்ளை பிறந்தது. அதற்குக் காரணம் அந்த வரிதான் என்று முன்வரிசைக் கிழவிகள் முடிவு செய்துவிட்டார்கள். இப்போது எங்கள் ஊரில் எந்தக் கல்யாணத்திலும் பெண் நடந்து வரும்போது "கரம் பிடித்து நடத்தும்" ஒன்பது முறை. நண்பன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் ஒன்பது முறை வாசிப்பான். ஒவ்வொரு முறையும் என்னை ஒரு பார்வை பார்ப்பான்.

அவன் வீட்டு முன்னறையில், தொலைக்காட்சிக்கு மேலே, அந்தக் கல்யாணப் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மண்டபத்தில் எடுத்த படங்கள் நிறைய உண்டு, அதில் எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கும் படம் இது ஒன்றுதான், அதனால் இதை மாட்டினார்கள். கோவிலில் அவள் நடந்து வருகிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான். வாய் பாதி திறந்திருக்கிறது. இன்னொரு கையில் அந்தப் பெட்டி, அதிலிருந்து வயர் தொங்கித் தரையில் இழுபடுகிறது. அவசரத்தில் அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வருகிற புது ஆட்கள், "இதுதான் பிள்ளைக்க அப்பாவா?" என்று கேட்பார்கள். நான் அங்கே உட்கார்ந்திருந்தாலும் கேட்பார்கள். நண்பனின் மனைவி எழுந்து படத்தின் பக்கத்தில் போவாள். அதன் இடது ஓரத்தில், சட்டத்தின் மரத்தோடு ஒட்டி, கீபோர்டின் ஒரு முனையும் அதன் மேல் முழுக்கைச் சட்டை போட்ட ஒரு கையும் தெரியும். முகம் இல்லை, தோள் இல்லை. கை மட்டும்தான். அதன் மேல் விரலை வைத்து, "இன்னா, இதாக்கும் அவரு" என்பாள்.